டேஷ்போர்டில் 41 ஆர்டர், மேசையில் 33 பார்சல்

விற்பனை எண்களைக் காட்டும் டேஷ்போர்டு யாரையாவது ஏமாற்றியிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். என்னை ஒரு மாதம் முழுக்க ஏமாற்றியது.

ஆன்லைன் கடை நடத்துகிறேன். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, தளத்தின் வருகையையும் விற்பனையையும் எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறப்பதுதான். ஒருநாள், முந்தைய நாளுக்கு 41 ஆர்டர் காட்டியது. பேக்கிங் மேசையில் 33 பார்சல்தான் இருந்தது. சரி, மீதி ரத்தாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். எண் கூடினால் எனக்குச் சந்தேகமே வராது, குறைந்தால்தான் தூக்கம் போகும். அதை நம்பி விளம்பரச் செலவையும் ஏற்றினேன்.

மாதக் கடைசியில் வங்கிக்கு வந்த பணம் டேஷ்போர்டு சொன்ன வருமானத்தின் பக்கத்தில்கூட இல்லை. அப்புறம்தான் தரவை நேரத்தோடு இறக்கி, கடையின் ஆர்டர் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரே தொகை, ஒரே பொருள், நாலு தடவை: இரவு 9:12, 9:40, 11:05, மறுநாள் காலை 6:50. கடையில் இருந்ததோ ஒரே ஆர்டர்.

வாங்கியவர், பணம் கட்டியதும் வரும் 'நன்றி' பக்கத்தைப் போனில் மூடாமல் விட்டிருக்கிறார். பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் அது ரீலோட் ஆகி, இன்னொரு விற்பனையாகப் பதிவாகியிருக்கிறது. டிரான்ஸாக்‌ஷன் ஐடி, அதாவது விற்பனையின் அடையாள எண், ஒன்றாக இருந்தால் ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) இரண்டாவதைத் தள்ளிவிடும். எங்கள் கடைத் தளத்தின் டெம்ப்ளேட்டோ ஆர்டர் எண்ணுக்குப் பதிலாக, பக்கம் திறந்த நொடியை ஐடியாக அனுப்பிக்கொண்டிருந்தது! திருத்தியது ஒரே ஒரு வரி. விளம்பரத்தில் போன பணம் போனதுதான்.

பதில் 1

எனக்கு எண் சரியாக இருந்தது, வாங்கியவர் எங்கிருந்து வந்தார் என்பதுதான் தப்பு. பாதி விற்பனை பேமென்ட் கேட்வே (பணம் கட்டும் வெளித்தளம்) வழியாக வந்ததாகக் காட்டியது. பணம் கட்டப் போய்த் திரும்புகிறவரை அங்கிருந்தே வந்தவராக அனலிட்டிக்ஸ் எழுதிக்கொள்கிறது. மின்னஞ்சலால் ஒன்றும் விற்கவில்லை என்று நினைத்து, வாராந்திர மடலை நிறுத்தவே இருந்தேன். கேட்வேயின் தள முகவரியை அனலிட்டிக்ஸில் உள்ள வேண்டாத பரிந்துரைத் தளங்களின் பட்டியலில் (ஆளை அனுப்பிய தளமாகக் கணக்கில் எடுக்கக் கூடாதவை) சேர்த்த பிறகு பார்த்தால், அதிகம் விற்றுக் கொடுத்ததே அந்த மடல்தான்.

பதில் 2

எங்களுடையது சின்னக் கூத்து. கடைக்கு ஒரு நேர மண்டலம், அனலிட்டிக்ஸுக்கு வேறொன்று. மாத மொத்தம் ஏறக்குறைய ஒத்துப்போகும், நாள் கணக்கு மட்டும் தினமும் உதைக்கும். ஆளுக்கு ஆள் சண்டை போட்டுக்கொண்டோம். செட்டிங்ஸைத் திறந்து பார்க்க ஆறு மாதம் ஆயிற்று.