அண்மையில் உங்கள் மனத்தில் தங்கிய நூல், படம், தொடர் எது?

கேள்வி:
சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை (1966) மூன்றாம் முறையாக வாசித்து முடித்தேன். மனிதர்கள் வந்து போய்க்கொண்டிருக்க, எதுவும் செய்யாமல் நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றியே பேராசையும் அரசியலும் பின்னப்பட்டிருப்பது இம்முறைதான் முழுமையாக உறைத்தது. நண்பர்கள் அண்மையில் ரசித்தவற்றைக் காரணத்துடன் பகிர வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சோவியத் அணு உலை விபத்தைப் பற்றிய, ஐந்தே பகுதிகள் கொண்ட ‘செர்னோபில்’ (2019) தொடரைப் பரிந்துரைக்கிறேன். இறுதிப் பகுதியின் நீதிமன்றக் காட்சியில், அணு உலையின் வினை கூடுவதைச் சிவப்பு அட்டைகளாலும் தணிவதை நீல அட்டைகளாலும் விஞ்ஞானி விளக்கும்போது, இயற்பியல் படிக்காத எனக்கும் விபத்தின் காரணம் படிப்படியாகப் புரிந்தது. நீல அட்டைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் மூச்சு விடவும் மறந்திருந்தேன்.

மறுமொழி 2:
என் தேர்வு ‘மெய்யழகன்’ (2024). வெளியான பின் சுமார் 18 நிமிடங்கள் நீக்கப்பட்டன என்றாலும் முழு வடிவத்தையே நான் விரும்புகிறேன். ஏனெனில், தன்மீது அன்பைக் கொட்டுபவரின் பெயரே நினைவுக்கு வராமல் அரவிந்த் சாமி தவிக்கும் தவிப்புக்கு அந்த நிதானம் தேவைப்படுகிறது.

கேட்டவர்:
நன்றி, நண்பர்களே. ‘செர்னோபில்’ தொடரை இந்த வாரமே தொடங்குகிறேன்.