கன்னியாகுமரி – காஷ்மீர் தனியாக சைக்கிளில்: ராத்திரி எங்கே தங்குவது?

மாயவரம்_மிதிவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 24, ஊர் மயிலாடுதுறை பக்கம். பிப்ரவரியில் வேலையை விட்டுவிட்டு கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை, முடிந்தால் லே வரை, தனியாக சைக்கிளில் போவதாக இருக்கிறேன். கியர் வண்டி, 700சி அளவு சக்கரம். சின்னக் கூடாரம் ஒன்று வாங்கியாயிற்று. லாட்ஜுக்குக் கொடுக்கக் காசு இல்லை. இருந்தாலும் கொடுக்க இஷ்டமில்லை. 1977-ல் ஒடிசா ஓவியர் பி.கே. மகாநந்தியா டெல்லியில் ஒரு பழைய சைக்கிளில் கிளம்பி ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார் அல்லவா, அந்த மாதிரி முழுக்க முழுக்க வழியில் பார்க்கிற மனிதர்களை நம்பியே போக ஆசை. பத்துப் பைசா எடுத்துப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். நிஜத்தில் நடக்கிற காரியமா? இந்தி சுத்தமாக வராது.

கோவை_கியர்:

சேனல் பேரைச் சொல்லுங்க, சப்ஸ்கிரைப் பண்ணிடறோம்.

பழைய_ஹெர்குலிஸ்:

கிண்டல் இருக்கட்டும். தம்பி, நடக்கும். ஆனால் மகாநந்தியா சும்மா சாப்பிடவில்லை. வழியில் ஆட்களை உட்கார வைத்து முகத்தை வரைந்து கொடுத்துத்தான் சோறும் இடமும் வாங்கினார். நீ என்ன கொடுப்பாய்? எனக்கு வரைய வராது. மில்லில் ஃபிட்டராக இருந்தவன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். தங்கின இடத்தில் குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுவேன், வீட்டுப் பையனின் சைக்கிளுக்கு பெண்டு எடுத்துக் கொடுப்பேன். நான் இந்த வழியில் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளில் போனதே அதற்கு வசதி, எந்த ஊரிலும் அதை எல்லோருக்கும் தெரியும்.

காசே இல்லாமல் போவது எனக்குப் பிடிக்காத வேலை. நெடுஞ்சாலையில் உனக்கு முதலில் சோறு போடுகிறவன் தாபாவில் தட்டு கழுவுகிற பையனாகத்தான் இருப்பான். அவன் கூலியில் நீ சாகசம் பண்ணாதே. இடத்தை ஓசியில் வாங்கு, சாப்பாட்டுக்குக் காசு கொடு. பெரும்பாலான தாபாக்களில் கயிற்றுக் கட்டிலுக்குத் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள், அங்கே சாப்பிட்டால் போதும். அது லாரிக்காரர்களுக்காக ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடு.

கேட்கிற நேரம் முக்கியம். நாலரை, ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடு. இருட்டின பிறகு போய் நின்றால் முதலில் நாய்தான் வரும். அப்புறம், "படுக்க இடம் தருவீர்களா" என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. "இந்த ஊரில் ராத்திரி தங்க யாரைக் கேட்கணும்?" என்று கேள். முதல் கேள்விக்கு எதிரே நிற்கிறவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும், பெரும்பாலும் இல்லை என்பார். இரண்டாவதற்கு அவரே உன்னை யாரிடமாவது கூட்டிக்கொண்டு போவார். கூட்டிக்கொண்டு போகிறவர்தான் உனக்கு ஜாமீன். இதை இந்தியிலும் தெலுங்கிலும் மனப்பாடம் பண்ணிக்கொள், மற்றதெல்லாம் கை பேசும்.

ஆந்திரா, தெலங்கானாவில் பெட்ரோல் பங்க் நல்ல இடம். விளக்கு, தண்ணீர், கக்கூஸ் மூன்றும் இருக்கும். பெட்ரோல் போடுகிற பையனைக் கேட்காதே, மேனேஜரைக் கேள். ஷிஃப்ட் மாறினதும் புதிதாக வருகிறவரிடம் நீயே போய் முகத்தைக் காட்டிவிடு, இல்லாவிட்டால் நடு ராத்திரியில் எழுப்பி விசாரிப்பார்கள். சத்திரம், தர்மசாலைகளில் சில இடத்தில் தனி ஆளுக்கு அறை தரமாட்டார்கள். சண்டை போடாதே, திண்ணையைக் கேள்.

ஹைதராபாத் தாண்டியதும் நேரே ஆதிலாபாத் போகாமல் பீதர், நாந்தேட் வழியாகச் சுற்றிப் போவது என் யோசனை. பீதரில் நானக் ஜீரா குருத்வாரா, அதாவது சீக்கியர் கோயில், நாந்தேடில் ஹசூர் சாஹிப் குருத்வாரா. சீக்கிய குரு கோவிந்த் சிங் 1708-ல் காலமான இடம் நாந்தேட். இரண்டிலும் யார் வந்தாலும் சாப்பாடு, ஆதார் காட்டினால் தங்கவும் கேட்டுப் பார்க்கலாம். தலையில் துண்டு கட்டிக்கொள், வரிசையில் தரையில் உட்கார், ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்கு. முடிந்ததும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றுவிடு, யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அங்கிருந்து யவத்மால், வர்தா வழியாக நாக்பூர். மேலே குவாலியர் கோட்டைக்குள்ளும் ஒரு குருத்வாரா உண்டு, ஆனால் அந்த ஏற்றம் சைக்கிளைத் தள்ள வைக்கும்.

நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் பெஞ்ச் காடு. புலி இருக்கிற இடம். மிருகங்கள் அடியில் கடந்து போக ரோட்டையே தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே கூடாரம் அடிக்கிற ஆசை வேண்டாம், பகலிலேயே தாண்டிவிடு.

சிவனிக்கு அந்தப் பக்கம் ஒரு தாபாவில் டிஎன் 28 போர்டு பார்த்தேன். நாமக்கல் லாரி. என் கேரியரில் கட்டியிருந்த மஞ்சள் பையைப் பார்த்துவிட்டு டிரைவர் "எந்த ஊருங்க?" என்றார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் ஸ்டவ், குக்கர், அஞ்சறைப் பெட்டி எல்லாம் உள்ளே. கிளீனர் பையன் சோறு வடித்து, பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தான். ரொட்டியாகத் தின்று நாக்கு செத்துக் கிடந்த எனக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. காசை நீட்டினேன், டிரைவர் முறைத்தார். சரி என்று குக்கரைத் தேய்த்து வைத்தேன். கிளம்பும்போது லோடு புக்கிங் சீட்டு ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் நாலு தாபா பேர் எழுதிக் கொடுத்தார். சாகரில் ஒன்று, ஜான்சி தாண்டி ஒன்று, மற்ற இரண்டும் குவாலியருக்கு மேலே. "நாங்க நிறுத்துற இடம், என் பேரைச் சொல்லுங்க." சொன்னேன். சாகர் தாபாக்காரர் பேரைக் கேட்டதும், போன தடவை பாக்கி வைத்துவிட்டுப் போனான் என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் கட்டிலைக் காட்டினார்.

கடைசியாக உன் 700சி டியூப். சின்ன ஊர்களில் கிடைக்காது, மூன்று நான்கு எடுத்துப் போ. வால்வ் மெல்லிசு வகையாக இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள், இல்லாவிட்டால் பஞ்சர் கடைக் குழாயில் காற்று ஏறாது.

சேலத்து_அக்கா:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் ஆம்பளைகளுக்குச் சரி. இதைப் படிக்கிற பெண்கள் யாராவது இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் பங்கிலும் தாபாவிலும் தங்குவதில்லை. ஊருக்குள் நுழைந்ததும் அங்கன்வாடி எங்கே என்று கேட்பேன். அந்த அக்காவுக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த வீட்டுக்காரர் குடிப்பார் என்பது வரை தெரியும். அவர் கைகாட்டுகிற வீட்டில்தான் படுப்பேன். கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஹாஸ்டல்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அன்புக்குக் குறைவில்லை, ஆனால் எனக்கு வாடகை வேறு மாதிரி. கல்யாணம் ஆயிடுச்சா, ஏன் ஆகலை, அப்பா எப்படி விட்டார் என்று அடுப்படியில் உட்கார வைத்து ராத்திரி பத்து மணி வரை விசாரணை. கால் இரண்டும் கெஞ்சும். அதற்கும் தெம்பு மிச்சம் வைத்துக்கொண்டுதான் அன்றைய தூரத்தை முடிவு பண்ண வேண்டும்.

மாயவரம்_மிதிவண்டி:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. சாப்பாட்டுக்குக் காசு எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முடிவெட்டத் தெரியும், மாமா கடையில் பழகினது. கத்தரியும் சீப்பும் எடுத்துப் போனால் உதவுமா? பிப்ரவரி சரியான மாதமா?

பழைய_ஹெர்குலிஸ்:

ஸ்பேனரைவிடக் கத்தரி நல்ல யோசனை. முதலில் பிள்ளைகளுக்கு வெட்டு, பெரியவர்கள் தானே வருவார்கள். பிப்ரவரி மத்தியில் கிளம்பி மார்ச் கடைசிக்குள் நாக்பூரைத் தாண்டிவிடு, அதற்கப்புறம் விதர்ப்பா வெயில் ஆளைச் சுட்டுவிடும். ஸ்ரீநகருக்கு மேலே எனக்குப் பழக்கமில்லை.

கார்கில்_டீ:

அந்தப் பக்கம் நான். ஜோஜி லா கணவாய் சுமார் 3,500 மீட்டர், பனியை வெட்டி ரோட்டைத் திறந்த பிறகுதான் போக முடியும். அதைவிட உயரம் அதற்கப்புறம் வருகிற ஃபோட்டு லா, 4,108 மீட்டர். திராஸிலோ கார்கிலிலோ ஒரு நாள் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்குங்கள். இன்னொன்று, வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. கிளம்பும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள், வீட்டில் பதறுவார்கள்.