ஐரிஸுக்கு மட்டும் தெரியாது

குழு: பெரிய வீடு
ஞாயிறு காலை

சித்தப்பா: [ரோஜாப்பூ படம்] இனிய ஞாயிறு. இன்று எல்லாம் நல்லதே நடக்கும்.

மதுரை அத்தை: வணக்கம். அந்த ஜோ வெஸ்ட்டை என்னன்னு சொல்றது? பெத்த பொண்ணை இப்படியா ஏமாத்துவான் ஒருத்தன்?

சித்தப்பா: எந்த ஜோ, அக்கா? பழைய வீட்டுக்கு எதிர்ல இருந்தாரே அவரா?

குட்டி: 😂😂😂 சின்ன தாத்தா அது ஃப்ளாஷ் சீரியல். மின்னல் வேகத்துல ஓடற சூப்பர் ஹீரோ கதை. ஜோ அதுல போலீஸ்காரர், ஐரிஸ் அவர் பொண்ணு, அவர் வீட்டுல வளந்த பேரிதான் ஃப்ளாஷ். லீவுக்குப் போனப்ப பாட்டி டிவில நான்தான் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்

அண்ணன்: அத்தை, எதுவரைக்கும் பாத்திருக்கீங்க?

மதுரை அத்தை: முதல் சீசன்ல 20 முடிஞ்சுது. நேத்து ராத்திரி தூங்கவே இல்ல. அந்தப் பொண்ணு ஐரிஸ் கடைசில கண்டுபிடிச்சுட்டா. ஃப்ளாஷ் அவளைத் தொடறான், சுருக்குன்னு ஒரு ஷாக்கு. மின்னல் அடிச்சு பேரி கோமால கிடந்தப்ப கையைப் பிடிச்சா இல்ல, அப்பவும் இதே சுருக்குதான். அவ மூஞ்சி மாறுது பாரு. எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு.

நான்: அந்த சீன் நல்லா இருக்கும் அத்தை. யாரும் சொல்லல, அவளே கண்டுபிடிச்சா.

மதுரை அத்தை: ஆமா, யாரும் சொல்லல, அதான் வயித்தெரிச்சல். பேரி ஓடறது ஜோவுக்கு முதல் எபிசோடுலயே தெரியும். உடனே சத்தியம் வாங்கிக்கிறான், ஐரிஸ்கிட்ட சொல்லக்கூடாதுன்னு. பேரியும் தலையாட்டிட்டான். ஒரே வீட்டுல வளந்த பிள்ளைங்க ரெண்டும்.

அண்ணி: அவ சேஃப்டிக்குத்தானே பெரியம்மா. போலீஸ்காரர் புத்தி அப்படித்தான் போகும்.

குட்டி: அம்மா, லிஸ்ட் போடறேன் பாருங்க. ஜோவுக்குத் தெரியும். பேரிக்கு உதவற லேப்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஜெயில்ல இருக்கிற பேரியோட அப்பா ஹென்றிக்குத் தெரியும். வேற ஊர்ல இருக்கிற இன்னொரு ஹீரோ ஆரோவுக்கும் அவன் கூட்டத்துக்கும் தெரியும். ஐரிஸோட பாய்ஃபிரண்ட் எடிக்குக் கூட அவளுக்கு முன்னாடி சொல்லிட்டாங்க. அதையும் அவகிட்ட மறைக்கணும்னு அவன்கிட்டயும் சத்தியம்

மதுரை அத்தை: அந்த ஐஸ் துப்பாக்கி வெச்சிருக்கிற திருட்டுப்பயலை விட்டுட்டியே.

குட்டி: ஆமா!! ஸ்னார்ட்!! திருடனுக்குத் தெரியும், வீட்டுப் பொண்ணுக்குத் தெரியாது

அண்ணன்: ஸ்னார்ட்டுக்கு அந்த லேப் பையன் சிஸ்கோ சொன்னது வேற கணக்கு. ஸ்னார்ட், சிஸ்கோவோட கூடப்பிறந்தவனை உக்கார வெச்சு விரலை உறைய வைக்கிறான். பியானோ வாசிக்கிற விரல். எவனா இருந்தாலும் சொல்லிடுவான்.

நான்: சொல்லிட்டு வந்து, இனிமே நான் இந்த டீம்ல இருக்கக் கூடாதுன்னு சிஸ்கோ கிளம்பறானே, அது எனக்குப் பிடிக்கும். அண்ணன் தம்பிக்குள்ள ஆகவே ஆகாது. ஒருத்தனைப் பாத்தா ஒருத்தனுக்குப் பொறாமை. ஆனா கையில வலின்னதும் முதல்ல உடையறது இவன்தான்.

சித்தப்பா: நான் அந்த சீரியல் பாத்ததில்ல. ஆனாலும் ஒரு கருத்து சொல்றேன். வீட்டுக்குப் பெரியவன் சிலதை மனசுலயே வெச்சுக்கணும். எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கொட்டினா அப்புறம் பெரியவன் எதுக்கு?

மதுரை அத்தை: தம்பி, நீ பாக்காம பேசாத. சொல்லாம விட்டதால அந்தப் பொண்ணுக்கு ஆபத்து குறைஞ்சுதா? அவ பாட்டுக்கு அந்தச் செவப்பு உருவத்தைப் பத்தி நெட்ல எழுதிக்கிட்டு இருந்தா. அதைப் படிச்சுட்டு ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான். உடம்பே இரும்பா மாறுமே அவன். வீட்டுல உண்மையைச் சொல்லியிருந்தா அவ எழுதியே இருக்கமாட்டா.

அண்ணி: எழுதுறதை நிறுத்துன்னு ஜோ, பேரி ரெண்டு பேரும் சொன்னாங்களே.

மதுரை அத்தை: ஏன்னு சொல்லாம நிறுத்துன்னா யாரு நிறுத்துவா? நீ நிறுத்துவியா?

அண்ணி: 🙊

நான்: அது மட்டுமில்ல. மாடியில ராத்திரி தனியா நின்னு ஃப்ளாஷ்கிட்ட பேசறா. அவன் மூஞ்சியை அதிரவிட்டு, குரலையும் அதிரவிட்டு, யாரோ மாதிரி பதில் சொல்றான். வீட்டுக்கு வந்தா அவளே ஃப்ளாஷ் இப்படிச் சொன்னார்னு பேரிகிட்ட கதை சொல்றா. அவன் புதுசாக் கேக்கற மாதிரி கேட்டுக்கிறான். பாதுகாப்புன்னு ஆரம்பிச்சது, போகப்போக அவனுக்கு அந்த ரெட்டை வாழ்க்கை பிடிச்சுப்போச்சுன்னுதான் எனக்குத் தோணும்.

அண்ணன்: ஓவரா ஆராயாதே. 2014ல இளவட்டங்களுக்காக எடுத்தது. அப்ப சூப்பர் ஹீரோ கதைன்னா காதலிக்கு உண்மை தெரியாது, அவ்ளோதான் ஃபார்முலா.

நான்: காமிக்ஸ்ல இன்னும் ஜோர். அங்க 1966ல ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆயிடுது, பேரி வாயே திறக்கல. ஒரு வருஷம் யோசிச்சு, கல்யாண நாள் அன்னிக்குத் தைரியம் வந்து சொல்றான். அவ சிரிக்கிறா. முதல் ராத்திரியே தூக்கத்துல எல்லாத்தையும் உளறிட்டியேன்னு.

மதுரை அத்தை: 😂😂 அது பொண்ணு. ஒரு வருஷம் சும்மா இருந்து வேடிக்கை பாத்திருக்கா.

குட்டி: காமிக்ஸ்ல பேரி அம்மாவோட கொலையே ரொம்ப நாளா கிடையாதாமே அத்தை?

நான்: ஆமா. 1956ல இருந்து பேரி இருக்கான். அம்மாவை ஒருத்தன் கொன்னதும், செய்யாத அந்தக் கொலைக்கு அப்பா ஜெயிலுக்குப் போனதும் 2009லதான் சேத்தாங்க. டிவி அதை எடுத்து கதைக்கே முதுகெலும்பா வெச்சிருச்சு. அது இல்லாட்டி ஜோ வீட்டுல பேரி வளந்திருக்கவே மாட்டான்.

குட்டி: மதுரைப் பாட்டி நல்ல மூடுல இருக்காங்க, சின்ன தாத்தா ஸ்டென்ட் விஷயத்தை இப்பவே சொல்லிடலாமா?

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அண்ணன்: குட்டி!!!!

குட்டி: ஐயோ. வேற குரூப்னு நெனச்சு போட்டுட்டேன்

மதுரை அத்தை: நான் படிச்சுட்டேன்.

சித்தப்பா: அக்கா அது ஒண்ணுமில்ல. சின்ன பிளாக்கு. ஒரே ஒரு ஸ்டென்ட். மறுநாளே நடந்தேன்.

மதுரை அத்தை: தெரியும்டா. ஆடி மாசம் நீங்க எல்லாரும் திருச்செந்தூர்ல இருக்கோம், சிக்னல் இல்லன்னு சொன்னீங்களே, அன்னிக்குச் சாயந்திரமே தெரியும்.

அண்ணன்: யார் சொன்னது?

மதுரை அத்தை: உன் சித்தி சொன்னா. அவளுக்கும் ஆஸ்பத்திரி வராண்டால பேசறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல. நீங்க எல்லாரும் டாக்டர் பின்னாடி போயிட்டீங்க.

சித்தி: 🙏

சித்தப்பா: அப்ப இத்தனை மாசமா நீயும்தான் தெரியாத மாதிரி இருந்திருக்க. நான் போன் பண்ணப்பலாம் திருச்செந்தூர்ல கடல் எப்படி இருந்துச்சுன்னு வேற கேட்ட.

மதுரை அத்தை: நீ எவ்ளோ தூரம் புளுகுவன்னு பாக்கலாம்னுதான். அலை கம்மியா இருந்துச்சுக்கான்னு சொன்ன.

அண்ணி: 😂😂😂😂

அண்ணன்: அத்தை, உங்களுக்கு பி.பி. இருக்கு. கேட்டதும் ராத்திரியோட பஸ் ஏறி வந்து நிப்பீங்க. அதனாலதான்.

மதுரை அத்தை: ஜோவும் இதையேதான் சொல்றான். சரி விடு. சாம்பார் அடிபிடிக்குது. அந்தக் குரூப்போட பேரு என்னன்னு மட்டும் சொல்லுங்க.

குட்டி: சொல்லாதப்பா

அண்ணன்: பேர்லாம் ஒண்ணும் இல்ல அத்தை.

சித்தி: "அமைதி".

மாலை

மதுரை அத்தை: இன்னும் ரெண்டு பாத்தாச்சு. ஐரிஸ் அப்பனைப் பிடிச்சு நல்லா கேட்டா. சுத்தி இருக்கிற எல்லாருமா சேந்து என்னை முட்டாளாக்கினீங்கன்னு. ஜோகிட்ட பதிலே இல்ல.

நான்: அவர்கிட்ட மறைக்கிறதுக்கு இன்னும் இருக்கு அத்தை. ரெண்டாவது சீசன்ல வரும். சொல்லலாமா?

மதுரை அத்தை: சொல்லு சொல்லு. கதை தெரிஞ்சாத்தான் நான் நிம்மதியா பாப்பேன்.

நான்: ஐரிஸோட அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் ஜோ வளத்திருப்பார். சாகல. போதைப் பழக்கத்துல குடும்பத்தை விட்டுப் போனவங்க. ஒருநாள் வந்து நிக்கறாங்க.

மதுரை அத்தை: அட பாவி. உசிரோட இருக்கிறவளுக்கா திதி குடுத்தான்?

நான்: இருங்க. அந்தம்மா போகும்போது வயித்துல ஒரு பிள்ளை. ஜோவுக்கே தெரியாது. அந்தப் பையன் வாலி. இதை ஐரிஸ் கண்டுபிடிச்சுடறா. கண்டுபிடிச்சுட்டு என்ன பண்றா தெரியுமா?

மதுரை அத்தை: அப்பன்கிட்ட சொல்லல.

நான்: சொல்லல. கொஞ்ச நாள் அவளே வெச்சுக்கிட்டுத் தவிக்கிறா. அப்புறம் பேரிகிட்ட சொல்லி, ரெண்டு பேருமா ஜோகிட்ட சொல்றாங்க. கிறிஸ்மஸ் அன்னிக்கு அந்தப் பையன் வாசல்ல வந்து நிக்கறான். ஒத்தை ஆளா ஜோ நடிச்சிருப்பார் பாருங்க அந்த இடத்துல. நடிகர் ஜெஸ்ஸி எல். மார்ட்டின்னு பேரு. என்னைக் கேட்டா சீரியலைத் தாங்கறதே அவர்தான்.

குட்டி: 5வது சீசன் அதைவிட மோசம். எதிர்காலத்துல இருந்து அவங்க பொண்ணு நோரா வர்றா. பேரியோட அம்மா பேரு. வந்த நாள்ல இருந்து அப்பாகிட்ட ஒட்டிக்கிறா, அம்மாவைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. ஏன்னா பேரி காணாமப் போன அப்புறம் தனியா வளத்த ஐரிஸ், பொண்ணுக்கும் அந்த வேகம் இருக்குன்னு தெரிஞ்சு, அது வெளில வராம ஒரு சிப்பு வெச்சிருப்பா. பொண்ணுகிட்ட சொல்லவே இல்ல

மதுரை அத்தை: எந்த ஐரிஸ்? இப்ப அப்பனை நிக்க வெச்சுக் கேட்டாளே அவளா?

குட்டி: அவளேதான்

மதுரை அத்தை: ம்.

அண்ணி: நான் அவளைக் குத்தம் சொல்லமாட்டேன். புருஷன் ஓடி ஓடியே காணாமப் போயிட்டான். இருக்கிறது ஒரே பொண்ணு. அதுவும் ஓடினா?

குட்டி: அம்மா, என் போன்ல லொகேஷன் ஷேரிங் போட்டு வெச்சிருக்கீங்களே, அது மாதிரியா?

அண்ணி: அது உனக்குத் தெரிஞ்சுதானே போட்டேன்.

குட்டி: தெரிஞ்சு ஒரு மாசம் கழிச்சு

அண்ணன்: நோரா மட்டும் யோக்கியமா? பாட்டியைக் கொன்ன அதே ஆளை ஜெயில்ல போய் பாத்து, யோசனை கேட்டுட்டு வந்து அப்பா அம்மாகிட்ட மறைச்சவதானே.

நான்: அது தெரிஞ்சதும் பேரி பண்ணதுதான் எனக்கு ஆறவே இல்ல. பொண்ணை லேப்ல இருக்கிற சிறையில போட்டான். அப்புறம் ஐரிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம 2049க்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டான். வேற ஒருத்தி செஞ்சிருந்தா கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசியிருப்பான். தாயைப் பத்தின விஷயம்னா அவனுக்குக் கண்ணு தெரியாது.

சித்தப்பா: ஆக மொத்தம் அந்த வீட்டுல உண்மை பேசற ஆளே கிடையாது.

மதுரை அத்தை: இருக்குடா. அந்த ஜெயில்ல இருக்கிற அப்பன். இப்பதான் கடைசி எபிசோடு முடிச்சேன். பேரியால காலத்துல பின்னாடி ஓடிப்போய் அம்மா சாகாம பண்ணிட முடியும். பண்ணா ஹென்றிக்கு ஜெயிலே கிடையாது. 14 வருஷம் திரும்பக் கிடைக்கும், பொண்டாட்டி கிடைப்பா. ஆனா அந்த மனுஷன் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உக்காந்துகிட்டு வேணாங்கிறான். நீ இப்ப இருக்கிற மாதிரி இருக்கமாட்டியே, அது எனக்கு வேணாம்ங்கிறான். ஜோ, போய்க் காப்பாத்துங்கிறான். போனா பேரி தன் வீட்டுப் பிள்ளையாவே இருக்கமாட்டான்னு தெரிஞ்சும் போன்னு சொல்றான். பெத்தவன் போகாதங்கிறான், வளத்தவன் போங்கிறான். ரெண்டு பேரும் இழக்கத்தான் நிக்கறாங்க. காலையில ஜோவைத் திட்டினேன், இப்ப அழுதுட்டேன்.

குட்டி: பாட்டி 😭 அந்த ஹென்றியா நடிச்சவர்தான் 1990ல வந்த பழைய ஃப்ளாஷ் சீரியல்ல ஃப்ளாஷே. ஜான் வெஸ்லி ஷிப்

மதுரை அத்தை: அதான் அந்தக் கம்பீரம். அப்புறம் அந்தப் பையன் போறான். உள்ள கொலை நடக்குது, இவன் கதவுக்குப் பின்னாடி நிக்கறான். எதிர்கால பேரி ஒருத்தன் வேணாம்னு கையைக் காட்டறான். நின்னுட்டான். எல்லாம் முடிஞ்சப்புறம் அம்மா பக்கத்துல உக்காந்து, முகமூடியைக் கழட்டி, நான் பேரிம்மாங்கிறான். அப்பாவும் நானும் நல்லா இருக்கோம்ங்கிறான். அவகிட்ட மட்டும் எதையும் மறைக்கல. அதுலயும் ஒரு பொய் இருக்கு, அப்பன் எங்க நல்லா இருக்கான், ஜெயில்ல இருக்கான். ஆனா அந்தப் பொய் எனக்குத் தப்பாத் தோணல.

அண்ணன்: எடியைப் பத்தி சொல்லவே இல்லையே அத்தை.

மதுரை அத்தை: அவன் தங்கம். தன் வம்சத்துல என்னிக்கோ பொறக்கப்போற அந்தக் கொலைகாரப் பாவி பொறக்கவே கூடாதுன்னு தன் நெஞ்சுலயே சுட்டுக்கிட்டான். இதுக்கு மேல கேக்காத, திரும்ப அழுகை வருது.

சித்தப்பா: அக்கா, நீ இவ்ளோ சொல்றியேன்னு நானும் போட்டுட்டேன். முதல் எபிசோடு ஓடுது.

சித்தி: மாத்திரை போட்டுட்டுத்தான் உக்காந்திருக்காரு அக்கா. நான் பாத்தேன்.

மதுரை அத்தை: சரி. நேரத்தோட படுக்கச் சொல்லு.

சித்தப்பா: அந்த வீல்சேர்ல வர்ற விஞ்ஞானி ரொம்ப நல்ல மனுஷனா இருக்காரு. பேரிக்கு அவர்தான் வழிகாட்டி போல. இந்த மாதிரி ஒரு பெரியவர் எல்லா வீட்டுக்கும் வேணும்.

குட்டி: சின்ன தாத்தா, எபிசோடு கடைசி சீன் வரைக்கும்

மதுரை அத்தை: ஏய் குட்டி. அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொல்லிட்டேன்.

சித்தப்பா: என்னக்கா?

மதுரை அத்தை: ஒண்ணுமில்லடா. நீ பாரு.