50 மீட்டர் நீச்சலில் மகளின் நேரம் குறையவில்லை, பயிற்சியைக் கூட்டலாமா?

கேள்வி:
வணக்கம். பதினான்கு வயதாகும் என் மகள், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சென்ற ஆண்டு 31.4 விநாடி எடுத்தவள், இவ்வாண்டு தொடக்கத்தில் வேளச்சேரி குளத்தில் 29.8 விநாடியில் சுவரைத் தொட்டபோது என் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் நான்கு மாதங்களாக அந்த நேரம் அசையவே இல்லை. நாள்தோறும் நீந்தும் தூரத்தைக் கூட்டுமாறு பயிற்சியாளரிடம் கேட்கலாமா?

மறுமொழி 1:
வாழ்த்துகள் ஐயா. அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாய், நெடுந்தூர நீச்சலை வெகுவாகக் குறைத்து, உடல்வலிமைக்கும் முழுவேகக் குறுந்தூர நீச்சலுக்கும் முதலிடம் கொடுத்த பின்னர்தான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் 21.25 விநாடியில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 30. வளரும் பிள்ளைக்கு அடிப்படைத் தூரமும் தேவை என்பதால், அளவைப் பயிற்சியாளரே முடிவு செய்யட்டும்.

மறுமொழி 2:
நானும் ஒரு நீச்சல் வீரனின் தாய். குதித்த பின் 15 மீட்டர் வரை நீருக்கடியில் செல்ல விதி இடம் தருகிறது. என் மகனோ ஆறாவது மீட்டரிலேயே மேலே வந்து வேகத்தை இழந்துகொண்டிருந்தான். குளக்கரையிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்த பிறகே அது எங்களுக்குத் தெரிந்தது. கடைசி ஐந்து மீட்டரில் மூச்சுக்காகத் தலையைத் திருப்பி வேகத்தை இழக்கிறாளா என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி 3:
25 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தோடு இதை ஒப்பிடாதீர்கள். அங்கே திரும்பும்போது சுவரை உதைப்பதால் நேரம் குறைவாகவே வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று மாலை படமெடுத்தேன் அம்மா. அவளும் ஏழு மீட்டருக்குள் எழுந்துவிடுகிறாள். நாளை பயிற்சியாளரிடம் காட்டுகிறேன்.