என்விரான்மென்டல் ஃப்ளோ: தமிழில் எப்படிச் சொல்வது?

செவ்வாய்ப்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மதகு இயக்குபவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'என்விரான்மென்டல் ஃப்ளோ' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 2007 பிரிஸ்பேன் பிரகடனப்படி ஆற்றையும் கழிமுகத்தையும் அவற்றை நம்பிய மக்களையும் வாழவைக்கத் தேவையான நீரின் அளவு, காலம், தரம் மூன்றும் அதில் அடக்கம். 'சூழல் நீரோட்டம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

மேட்டூர், பொறியாளர்:
வேண்டாம். அச்சில் ஒரு சுழி பிசகினால் சூழல் 'சுழல்' ஆகிவிடும். பதினாறு கண் மதகுக்குக் கீழே சுழல் என்றால் ஆளை இழுப்பது. 'குறைந்தபட்ச நீர்த்திறப்பு' போதும், எல்லாருக்கும் புரியும்.

ஏற்காடு, விலங்கியல் ஆசிரியர்:
அந்தக் 'குறைந்தபட்சம்'தான் சார் கெடுக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது 10 டி.எம்.சி., அதாவது ஆயிரம் கோடி கனஅடி. ஆண்டு முழுக்கப் பரப்பினால் வினாடிக்கு 317 கனஅடி. மேட்டூரில் பாசனம் நிற்கும் ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை 135 நாளில் விட்டால் 857. அதே தண்ணீர், மீனுக்கு வேறு ஆறு. கங்கையின் மேற்பகுதிக்கு 2018 அறிவிக்கை நவம்பர்–மார்ச்சில் சராசரி ஓட்டத்தில் 20 விழுக்காடு, ஜூன்–செப்டம்பரில் 30 என்று பருவம் பார்த்தே வைத்தது.

மூடும் வேகமும் உண்டு. மின்னுற்பத்தி முடிந்ததும் சட்டென்று அடைத்தால் குஞ்சுகள் பாறைக்குழியில் மாட்டும், வெயிலில் நீர் சூடாகி ஆக்சிஜன் குறையும், மிச்சம் கொக்குக்கு. படிப்படியாக இறக்கி, கீழே அளவுகோலில் மட்டம் நிலைத்த பிறகே அடுத்த படி. கோடையில் அடிமதகை மட்டும் திறந்தால் ஆழத்தில் தேங்கிய ஆக்சிஜனற்ற நீர், சில நேரம் அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். அளவு சரி, தரம் போச்சு. இதெல்லாம் 'குறைந்தபட்ச'த்தில் எங்கே?

அம்மாபேட்டை, தமிழாசிரியர்:
ஓட்டம் எதற்கு? 'ஒழுக்கு' இருக்கிறதே! நன்னூல் சொல்லும் சூத்திர நிலைகளுள் முதலாவது ஆற்றொழுக்கு: இடையறாமல் செல்வது. அங்கேயே தவளைப் பாய்த்தும் உண்டு: விட்டு விட்டுத் தாவுவது. மேலே சொன்ன மின்நிலையத் திறப்பு அதுதான். ஒழுக்கமும் ஒழுகு என்பதிலிருந்தே. ஆகவே 'உயிரொழுக்கு'.

மேட்டூர், பொறியாளர்:
ஐயா, ஒழுக்கு என்றால் மதகைக் கவனிக்கும் எங்கள் லஸ்கர் ஷட்டர் ரப்பர் கிழிந்துவிட்டதா என்று பார்க்க ஓடுவார். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டையில் இருப்பதைக் கதவணை என்கிறோம். யாருக்காவது அகராதி தேவைப்பட்டதா?

அம்மாபேட்டை, தமிழாசிரியர்:
நல்ல சொல். கதவு குற்றியலுகரம் அன்று, முற்றியலுகரமே. ஆயினும் 'முற்றும் அற்று ஒரோவழி' என்ற விதியால் உகரம் கெட்டது. இதே போல் நிலவு + ஒளி...

செவ்வாய்ப்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமை.

சங்ககிரி, மாணவர்:
'வாழ்நீர்'? வாழ்நாள் போல.

அம்மாபேட்டை, தமிழாசிரியர்:
வினைத்தொகை, இலக்கணம் தடுக்காது. நாளா வாழ்கிறது? உண்கலத்தில் கலமா உண்கிறது? ஆனால் 'நீர்வாழ் உயிர்களுக்கான வாழ்நீர்' என்று எழுதிப் பாருங்கள், நாக்குப் பிறழும்.

ஏற்காடு, விலங்கியல் ஆசிரியர்:
எனக்குப் பிடித்திருக்கிறது. சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாற்றில் சேலம் தாண்டியும் ஓட்டம் இருக்கிறது, சாக்கடையாக. அதை நீரோட்டம் என்று எவரும் சொல்லிவிடலாம். வாழ்நீர் என்று சொல்ல வாய் வராது. தரத்தைக் கேட்கும் சொல் அது.

மேட்டூர், பொறியாளர்:
தரத்தைக் கேட்கிறது, நேரத்தைக் கேட்கவில்லையே? வாழ்நீர் என்றால் கேன் தண்ணீர் வியாபாரம் போலவும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
'வாழ்நீர் அட்டவணை' என்றால் நேரமும் வந்துவிடும்தான். ஆனாலும் தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன்: சூழல் நீரோட்டம் ஐந்து, வாழ்நீர் மூன்று, உயிரொழுக்கு ஒன்று. முதலாவதையே விடுகிறேன். குழப்பம் வராதிருக்க, சுழல் வரும் இடமெல்லாம் 'நீர்ச்சுழி' என்று மாற்றிவிட்டேன். மூடும் படிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு.

மேட்டூர், பொறியாளர்:
கையேட்டில் மாற்றலாம். ஆற்றங்கரையில் அது சுழல்தான்.

அம்மாபேட்டை, தமிழாசிரியர்:
அந்த ஒன்று என்னுடையது. அடிக்குறிப்பிலாவது உயிரொழுக்கு வரட்டும். ஒற்று மிகாது, கவனம்.