புதுப்பிப்பு: நிலக்கடலையும் மயில்களும்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் விதைத்த கடலையை மயில்கள் கிளறித் தின்கின்றன, சட்டத்துக்கு உட்பட்டு என்ன செய்யலாம் என்று ஆடிப்பட்டத்தில் கேட்டிருந்தேன். இப்போது செடி பூத்துவிட்டது.

பளபளக்கும் நாடா கட்டச் சொன்ன அண்ணனுக்கு: முதலில் மிரண்டன. அப்புறம் அதற்கு அடியிலேயே மேய்ந்தன. கைகொடுத்தது பழைய சேலைகள்தான். கிளுவை வேலியை ஒட்டி மார்பளவு உயரத்துக்கு வரிசையாகக் கட்டினோம். மயிலுக்குப் பறக்கத் தெரியும், ஆனால் மேயும்போது பெரும்பாலும் நடந்தே வருகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் தயங்குகிறது. சேலை மட்டும் போதாது. செடி நாலு இலை விடும்வரை விடியற்காலையிலும் சாயங்காலமும் ஆள் காவல் இருந்தோம். ஓடையோரச் சீமைக்கருவேலம் புதரையும் வெட்டிவிட்டோம். பகலில் அங்கேதான் ஒதுங்கி நின்றன.

விஷம் வைக்கச் சொன்னவருக்கு: மயில் 1963 முதல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதை விடுங்கள், விஷத் தானியத்தைக் கௌதாரியும் கோழியும்கூடத் தின்னும். அந்த யோசனையே வேண்டாம்.

காய் பிடித்ததும் மறுபடி தோண்ட வரும். கிழிந்த சேலைகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம். அடுத்து மக்காச்சோளம் போடலாமா என்று யோசனை. மயில் நடமாட்டம் உள்ள ஊரில் போட்டவர்கள் சொல்லுங்கள்.