கீமோ நாட்களில் ஜெபம் வராமல் போனால் என்ன செய்வது?

தேரிமணல்:

எனக்கு 47 வயது. நாசரேத் பக்கம் ஒரு சிற்றூர். போன டிசம்பரில் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றேன், அப்புறம் மகன் பரீட்சை முடியட்டும் என்றேன். மார்ச்சில்தான் டாக்டரிடம் போனேன். பயாப்சியில் கேன்சர் என்று வந்தது. மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போது கீமோ நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒன்றாகச் சிவப்பு மருந்து நான்கு, அதன்பின் வாரம் ஒன்றாக 12. சிவப்பு மருந்தில் இரண்டு முடிந்து ஒன்பது நாள் ஆகிறது.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் எங்கள் ஐயர் (சபைப் போதகர்) வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். போன மாதம் சொந்தக்காரர்கள் வேறொரு ஊழியக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "சுகம் கிடைத்துவிட்டது, இனி மருந்து ஏற்றிக்கொண்டால் அது அவிசுவாசம். 21 நாள் உபவாசம் இருங்கள்" என்றார். என் மாமியார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நான் மருந்தை நிறுத்தப் போவதில்லை, அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

என் கவலை வேறு. 24 வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவேன். இப்போது "ஆண்டவரே" என்று தொடங்கினால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. வாயெல்லாம் புண். வேதப் புத்தகத்தை விரித்தால் ஒரே வரியை நாலு தடவை வாசிக்கிறேன், ஒன்றும் ஒட்டுவதில்லை. ஆண்டவர் மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கோபமும் இல்லை. வெறுமையாக இருக்கிறது. ஒருவேளை அந்த ஊழியக்காரர் சொன்னதுதான் சரியோ, என் விசுவாசம் செத்துப்போனதோ என்று ராத்திரியில் பயம் வருகிறது.

இந்த வழியாக வந்தவர்கள் எப்படி ஜெபித்தீர்கள்? உபவாசம் இருக்கலாமா?

பாளை அக்கா:

தங்கச்சி, எனக்கு 62 வயது. 2017-ல் வலது மார்பில் வந்தது. நீ இப்போது ஏற்றிக்கொள்ளும் அதே சிவப்பு மருந்து, 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு), அதற்குப்பின் மாத்திரை. நீ எழுதியிருப்பதை வாசித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த வெறுமை எனக்கும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. நீ சொல்லிவிட்டாய்.

எனக்கு மூன்றாவது கீமோவுக்குப் பிறகு ஒரு ஜெபமும் வரவில்லை. ஒரு நாள் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற உபதேசியாரம்மா ஒருவர் கஞ்சி கொண்டு வந்தார்கள். "அம்மா, என்னால் ஜெபிக்க முடியலை" என்றேன். "நீ எதுக்குட்டி ஜெபிக்க? நாங்க எதுக்கு இருக்கோம்? நீ படுத்துக்கிட" என்றார்கள். வேதத்தில் நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னால் இறக்கினார்களே, அந்தத் திமிர்வாதக்காரன் படுக்கையில் கிடந்தபடியே தானே வந்தான், ஆண்டவர் தூக்கிவந்தவர்களுடைய விசுவாசத்தையும் பார்த்தார் என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கட்டிலில் கிடப்பவள் நான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப்பின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஏழு பேர் முறை வைத்துக்கொண்டார்கள், கிழமைக்கு ஒருவர். கஞ்சியோ இட்லியோ கொண்டுவர வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. சளி, இருமல் இருந்தால் வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். கேன்சரில் செத்துப்போனவர்கள் கதையை எடுக்கக் கூடாது. இதையெல்லாம் என் மகள்தான் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டினாள். சிலருக்கு முகம் வாடியது, ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமைக்காரி ஜெபமே பண்ண மாட்டாள், என் கால் மாட்டில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிவிடுவாள். அதையும் நான் ஜெபமாகத்தான் எண்ணுகிறேன்.

என் பங்குக்கு நான் வைத்துக்கொண்டது எங்கள் பாளைக் கோயிலின் ஊசிக்கோபுரத்து மணி. மணிச்சத்தம் கேட்கும்போது "இரங்கும்" என்ற ஒரு சொல், அவ்வளவுதான். மணி ஓசை அடங்கும்வரை அந்தச் சொல்லோடு கிடப்பேன். உங்கள் ஊரிலும் கோயில் மணி கேட்கும் அல்லவா?

மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று சொன்னவரைப் பற்றி. வேதத்தில் எசேக்கியா ராஜா சாகப்போகிறார் என்று சொல்லி, அவர் அழுது ஜெபித்தபின் ஆண்டவர் 15 வருடம் கூட்டிக்கொடுத்தாரே, அந்த இடத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொல்கிறார். ஜெபம் கேட்கப்பட்ட பிறகுதான் மருந்து. உங்கள் நாசரேத்திலேயே மிஷன் ஆஸ்பத்திரிக்கு வைத்தியனாகிய லூக்காவின் பெயர்தானே? நமக்குக் கோயில் கட்டிக்கொடுத்தவர்களே ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது நம் முன்னோர் வழி இல்லை.

இன்னொன்று. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் கரண்ட் வைக்கப் போன மாதங்களில் எங்கள் சபையிலேயே ஒரு பெண்ணுக்கும் இதே நோய். 34 வயது, இரண்டு பிள்ளைகள். அவளுக்காகத்தான் சபை அதிகம் ஜெபித்தது, இரவு ஜெபம்கூட வைத்தார்கள். அவள் போய்விட்டாள், நான் இருக்கிறேன். அவளுக்கு விசுவாசம் குறைவு என்று எவனாவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். சாட்சி சொல்லச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ஆண்டவருக்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். "என் விசுவாசம் என்னைச் சுகமாக்கியது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுடைய அம்மா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்குப் போயிருக்கிறாயா? அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து கால் முறிந்தவர். 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் அறையிலேயே படுக்கையாகத்தான் இருந்தார். எத்தனை பிள்ளைகள் தினமும் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! எழுந்து நடக்கவில்லை. அவர் விசுவாசம் சின்னது என்று யார் சொல்வார்கள்? கல்லறையில் கல்வெட்டு கிடையாது, பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி, அதில் "அம்மா" என்று ஒரே சொல். ட்ரீட்மெண்ட் முடிந்ததும் நான் போய் அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைத்தொப்பி:

நான் 19 வருடம் கீமோ வார்டில் வேலை பார்த்த நர்ஸ். நானும் சபைக்குப் போகிறவள்தான். அதனால் நேராகவே சொல்கிறேன்.

உபவாசம் வேண்டாம் அக்கா. உங்கள் உடம்பு இப்போது புது ரத்த அணுக்களை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது, தையலும் முழுதாக ஆறியிருக்காது. முட்டை, பருப்பு, நன்றாக வேகவைத்த மீன் என்று சாப்பிட வேண்டிய நேரம். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கொப்பளியுங்கள், காரம் வேண்டாம்.

மருந்து ஏற்றின 7-ஆம் நாளில் இருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணு ரொம்பக் குறைந்திருக்கும். நீங்கள் இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறீர்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 வந்தால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஜெபிக்கிறவர்கள் வண்டியில் கூடவே ஏறி ஜெபிக்கட்டும்.

யாரும் கேட்கத் தயங்குகிற ஒன்று: இராப்போஜனம், கோயிலில் அப்பமும் திராட்சரசமும் எடுப்பது. பொதுப் பாத்திரத்தில் இந்த நாட்களில் குடிக்காதீர்கள். ஐயரிடம் முன்னாலேயே சொன்னால் அப்பம் மட்டும் கொடுப்பார், அதுவே முழு இராப்போஜனம்தான். வீட்டுக்கு வந்தும் கொடுப்பார்கள். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) கூட்டத்தில் போய் உட்கார வேண்டாம். எண்ணெய் பூசுவது நெற்றியோடு நிற்கட்டும், தையல் போட்ட இடத்தில் எதையும் தடவ விடாதீர்கள்.

இன்னும் ஒன்று. வெறுமை வாரக்கணக்கில் நீடித்தாலோ, தூக்கமே இல்லாமல் போனாலோ டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அதற்கும் உதவி உண்டு. விசுவாசத்தில் குறை என்று அதை மறைக்க வேண்டாம்.

சாத்தான்குளம் தம்பி:

என் மனைவிக்கு 2021-ல் வந்தது. எங்கள் வீட்டிலும் என் அம்மா மருந்துக்கு எதிராகத்தான் நின்றார்கள். வாக்குவாதம் பண்ணிப் பலன் இல்லை. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவைக் கையோடு கூட்டிப்போய், அவர்கள் கேட்க வேண்டியதை அவர்களையே கேட்கவிட்டேன். மாமியாரைக் கூட்டிப் போங்கள் மயினி. அவர்களும் பயந்துதான் போயிருப்பார்கள்.

தேரிமணல்:

எல்லாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, அந்த நாலு பேர் கதையை நான் எத்தனை வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்!

மூன்றாவது மருந்துக்கு மாமியாரையும் கூட்டிப்போனோம். அவர்கள் டாக்டரிடம், "ஆண்டவர் சுகமாக்கின பிறகு எதுக்கு இது?" என்று கேட்டேவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். கட்டியை எடுத்தாயிற்று, கண்ணுக்குத் தெரியாத விதை எங்காவது சிந்தியிருந்தால் அது முளைக்காமல் இருக்கத்தான் இது என்று சொன்னார். விதை என்றதும் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. இப்போது எனக்குப் பதிலாக அவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் வரை உபவாசம் இருக்கிறார்கள். எனக்கு முட்டை அவித்துத் தந்துவிட்டுத்தான் முழங்கால் போடுகிறார்கள்.

அன்று போகும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். திருச்செந்தூர் பாசஞ்சரில் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தோம். முடி போய்விட்டதால் முந்தானையைத் தலையில் போட்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது காற்றில் அது விலகிவிட்டது. எதிரே முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசின ஒரு பெரியம்மா. என்னைப் பார்த்து, "நீயும் நேந்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை, இப்படி வியாதி, மருந்தால் கொட்டிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேதக்காரப் பிள்ளையா? சரி, இருக்கட்டும். உனக்காவயும் சொல்லுதேன்" என்றார்கள். மாமியார் பக்கத்தில்தான் இருந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

பாளையங்கோட்டை வரும்வரை அந்தக் கை என் கை மேலேயே இருந்தது. இறங்கும்போது ஊசிக்கோபுரம் தெரிகிறதா என்று பார்த்தேன். "இரங்கும்" என்று வந்தது.